பின்கண்ணாடியை உடைத்தவன்

கண்ணாடி உடைந்த சத்தம் செங்கம் ரோட்டில் பாதிப் பேருக்குக் கேட்டது. ஓடி வந்தவர்கள் பார்த்தது இதுதான்: ஆசிரமத்துக்கு அடுத்த சந்தில் ஒரு வெள்ளை எலெக்ட்ரிக் கார். பின்கண்ணாடி பொலபொலவென்று கொட்டிக் கிடக்கிறது. அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்த ஒருவன், பின்சீட்டில் சாய்ந்திருந்த வயதான அம்மாளின் கழுத்துப் பக்கம் கை வைத்து இழுத்துக்கொண்டிருக்கிறான். கையெல்லாம் ரத்தக் கீறல். தரையில் அவனுடைய அரிவாள். அம்மாளுக்கு உயிர் இல்லை. கழுத்தில் சங்கிலியும் இல்லை.

இதற்கு மேல் நம் ஜனங்களுக்கு என்ன வேண்டும்? போலீஸ் வருவதற்குள் விசாரணை, தீர்ப்பு, தண்டனை மூன்றையும் முடித்துவிட்டார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் வேதா வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்றேகால். வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. அடிபட்டவன் தசரதன், அந்தச் சந்து முனையில் இளநீர் வண்டி போட்டிருப்பவன். தாடை உடைந்து, வலது மணிக்கட்டு நொறுங்கிக் கிடந்தான். வாயைத் திறந்தால் ரத்தம்தான் வந்தது, பேச்சு வரவில்லை.

வேதா கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், மணிலாக்கொட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலை போடுகிற வீட்டுப் பெண். சந்தையில் வியாபாரி எடை போடும்போது தராசை விட்டுவிட்டு அவன் கையைப் பார்க்கிற ரகம். காரைச் சுற்றி வந்தாள். அதற்குள் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்தார் காரின் சொந்தக்காரர் அனந்த். இறந்த கனகலதா அம்மாளின் ஒரே மகன். சென்னையிலிருந்து தாயைப் போளூர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தவர்.

அழுது ஓய்ந்த பிறகு வேதா கேட்டாள்.

"எத்தன மணிக்கு வண்டிய நிறுத்தினீங்க?"

"பன்னெண்டு இருக்கும் மேடம். சார்ஜ் பத்து பர்சன்ட்தான் இருந்துச்சு. சாயங்காலம் பௌர்ணமி பொறக்குதுன்னு கிரிவலத்துக்காக ரோட்டையெல்லாம் அடைச்சுட்டாங்க. வேங்கிக்கால்ல ஒரு ஓட்டல்ல சார்ஜர் இருக்கு. காலியா இருக்கான்னு பார்க்க ஆட்டோல போனேன்."

"அம்மாவ ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

"முட்டி வலி. அதோட இன்னிக்குச் சதுர்த்தசி. நாங்க ஜைனருங்க மேடம். அம்மா உபவாசம்னா பச்சத்தண்ணி படாது. போனைக் கூடத் தொடமாட்டாங்க, ஜபம்தான். ஏசி போட்டுட்டுத்தான் போனேன். கடைசி வரைக்கும் ஏசி ஓடிச்சு. அந்தப் பாவி கண்ணாடிய உடைச்சானே, அப்பதான் அம்மா பயந்து..."

"கதவ அவங்களாத் தொறந்திருக்க முடியாதா?"

"பின்கதவுக்குக் குழந்தைப் பூட்டு போட்டிருக்கு, உள்ளருந்து தொறக்க முடியாது. என் பொண்ணு சின்னவ."

மறுநாள் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் வாய்மொழியாகச் சொன்னது: மாரடைப்பு, கழுத்தில் லேசான கீறல், உடம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"உபவாசம்னு மகனே சொல்றாரே, தண்ணி எங்கருந்து இருக்கும்?" என்றார் இன்ஸ்பெக்டர். "வயசு, பட்டினி, அதிர்ச்சி. கொள்ளையடிக்கப் போன எடத்துல கொலை. நாளைக்குச் சாயங்காலம் மாஜிஸ்திரேட் ஆஸ்பத்திரிக்கே வந்து ரிமாண்ட் பண்ணுவார். ஃபைல ரெடி பண்ணும்மா."

ஆக, தசரதனுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு நாள். கட்டிலோடு சேர்த்து இடது கையில் விலங்கு மாட்டியிருந்தார்கள். வலது கையில் மாட்ட இடமில்லை, அவ்வளவு கட்டு.

அவன் மனைவி காசியம்மாள் ஸ்டேஷன் வாசலில் காலையிலிருந்து நின்றாள். வேதாவைப் பார்த்ததும் அழவில்லை, சண்டைக்கு வந்தாள்.

"சங்கிலி எங்க மேடம்? அவரு ஜோப்பு, வண்டி, எங்க வீட்டு அரிசிப்பான வரைக்கும் கவுத்துப் பாத்துட்டீங்களே, கெடைச்சுதா?"

"கூட்டத்துல யார் கையிலயாவது மாத்தியிருக்கலாம்ல?"

"எவன் கையில? அடிச்சவன் கையிலயா?" அவள் இன்னும் நெருங்கி வந்தாள். "நான் சோறு எடுத்தாந்தப்பவே சொன்னாரு. 'அந்தக் காருக்குள்ள ஒரு அம்மா இருக்குது. கண்ணாடி ஏத்தறதுக்கு மின்ன இளநி வேணுமான்னு கேட்டேன். விரதம் போல, கையெடுத்துக் கும்புட்டுச்சு. இன்னும் உள்ளயேதான் ஒக்காந்திருக்குது'ன்னு. திருடப் போறவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டா போவான்?"

பெண்டாட்டி பேச்சைச் சாட்சியாக எடுக்கச் சட்டம் இருக்கலாம்; இன்ஸ்பெக்டரிடம் இல்லை. ஆனால் வேதாவுக்கு அது உறுத்தியது. கறுப்பு ஃபிலிம் ஒட்டாமலே அந்தக் கண்ணாடிகள் கறுப்பு. ரோட்டில் போன எவனுக்கும் தெரியாத அம்மாள் தசரதனுக்கு மட்டும் தெரிந்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை அனந்த் ஸ்டேஷனுக்கு வந்தார். தாய்க்குக் கொள்ளி வைத்த கை. கூடவே வேலூரிலிருந்து மணி என்ற கண்ணாடி மெக்கானிக், கம்பளியில் சுற்றிய புதுப் பின்கண்ணாடியோடு. சம்பவத்தன்று கிரேன் வண்டியில் தூக்கிக்கொண்டு வந்து காம்பவுண்டில் இறக்கிய கார், அதற்குப் பிறகு ஓர் அடி நகரவில்லை. கண்ணாடி மாட்டிக் கொண்டுபோக இன்ஸ்பெக்டர் அனுமதி கொடுத்திருந்தார். வேதாவை யாரும் கேட்கவில்லை.

"தடயமெல்லாம் போட்டோ எடுத்தாச்சும்மா. பாவம், பெரிய எடத்துப் பையன்," என்றார் இன்ஸ்பெக்டர். பெரிய இடத்துக்குப் பாவம் பார்ப்பதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது.

வேதா டீயோடு படியில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். மணி விளிம்பில் ஒட்டியிருந்த பழைய பசையைக் கத்தியால் சீவி எடுத்தான். பிறகு வேக்குவம் மெஷினை உள்ளே விட்டான். கண்ணாடிச் சில்லுகள் குழாயில் சலசலவென்று ஏறின. சீட்டுக்கும் அதன் முதுகுக்கும் நடுவிலுள்ள சந்தில் குழாயை நுழைத்ததும் மெஷின் மூச்சுத் திணறியது.

"என்னமோ அடைக்குது," என்று குழாயைக் கழற்றி உதறினான். சில்லுகளோடு ஒரு தங்கச் சங்கிலி விழுந்தது. கொக்கி பிய்ந்திருந்தது.

வேதா டீயைக் கீழே வைத்தாள்.

"அம்மாவோடது," என்றார் அனந்த். அப்புறம் வேகமாக, "அறுக்கும்போது நழுவியிருக்கும் மேடம். ஆளுங்க வந்ததும் எடுக்க முடியல அவனால."

"இருக்கலாம்," என்று சொல்லிவிட்டு வேதா எழுந்து காரைச் சுற்றினாள். அன்றைக்குப் பார்த்தும் மனசில் வாங்காத ஒன்று இப்போது கண்ணில் பட்டது. முன்கதவுக் கண்ணாடிகள் இரண்டிலும், வலது பின்கதவிலும் வெள்ளை வெள்ளையாக நட்சத்திரக் கீறல்கள். அரிவாளின் பின்பக்கத்தால் அடித்த அடிகள். அம்மாள் சாய்ந்திருந்த இடது பின்கதவில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

"இதெல்லாம் ஏம்ப்பா ஒடையல?"

"இந்த வண்டியில கதவுங்களுக்கெல்லாம் ரெட்டைக் கண்ணாடி மேடம். நடுவுல பிளாஸ்டிக் தாள். எவ்ளோ அடிச்சாலும் விரிசல்தான், கொட்டாது. பின்னாடிது ஒண்ணுதான் கொட்டும்."

வேதா ஏட்டு இராமலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டய்யா, சங்கிலி அறுக்க வந்தவன் எந்தக் கண்ணாடிய மொதல்ல அடிப்பான்?"

"கழுத்துக்குப் பக்கத்துல இருக்கறத மேடம்."

"இவன் அத மட்டும் விட்டுட்டான். அவங்க மேல கண்ணாடி படக்கூடாதுன்னு. மத்த மூணையும் அடிச்சுப் பாத்துட்டு, வேற வழியில்லாம பின்னால போயிருக்கான். பட்டப்பகல்ல, நடுச்சந்துல, இத்தன சத்தம் போட்டு எந்தத் திருடன் அடிப்பான்? அவன் சங்கிலிக்காகப் போகல. அவங்கள வெளிய இழுக்கப் போனான். இழுத்ததுல கொக்கி பிஞ்சுது."

இராமலிங்கம் குனிந்து சங்கிலியை எடுத்து ஒரு கவரில் போட்டார்.

ஆனால் இது பாதிதான். காப்பாற்றப் போனான் என்றால், எதிலிருந்து காப்பாற்ற? ஏசி ஓடுகிற காரில் ஜபம் செய்துகொண்டிருக்கும் அம்மாளுக்கு என்ன ஆபத்து? இந்த ஓர் ஓட்டை போதும், இன்ஸ்பெக்டர் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடுவார்.

மணி புதுக் கண்ணாடி விளிம்பில் கறுப்புப் பசை பூசினான். தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டியிருந்ததால் ஏட்டும் கை கொடுத்தார். மெல்ல உட்காரவைத்து, நாடா ஒட்டினார்கள்.

"சார், கதவுக் கண்ணாடியெல்லாம் ரெண்டு வெரல் எறக்கி வைங்க. எறுக்கமா மூடி, கதவப் படார்னு சாத்தினா உள்காத்து புதுக் கண்ணாடியத் தள்ளிடும்."

அனந்த் செல்போனைத் தட்டினார். கார் விழித்துக்கொண்டது. முன்னாலிருந்த பெரிய திரை ஒளிர்ந்தது. கண்ணாடிகள் இறங்கின.

"மேடம், பசை காயற வரைக்கும் ஸ்டேஷன் பிளக்ல கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா? இருக்கறத வச்சு எங்கயும் போக முடியாது."

"எவ்ளோ இருக்கு?" என்று கேட்டபடி வேதா உள்ளே தலையை நீட்டினாள்.

ஒன்பது.

அவள் தலையை வெளியே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக ஊரே உடைந்த கண்ணாடியைப் பார்த்தது. போட்டோ எடுத்தவனும் அதைத்தான் எடுத்தான். உடையாமல் இருந்த இந்தக் கண்ணாடித் திரையை எவனும் பார்க்கவில்லை.

"ஏசியப் போடுங்க சார்," என்றாள்.

"எதுக்கு மேடம்?"

"போடுங்க."

ஏசி இரைந்தது. நல்ல உச்சி வெயில். "ஏட்டய்யா, எல்லாருக்கும் டீ சொல்லுங்க," என்று கதவோரம் நின்றுகொண்டாள். டீ வருவதற்குள் ஒன்பது எட்டாயிற்று. மணி டம்ளரை வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தபோது ஏழு.

அனந்த் திரையை எட்டிப் பார்த்தார். "கண்ணாடி எறக்கியிருக்கு மேடம். அதான் ஜாஸ்தி இழுக்குது."

"சரி, பாதின்னே வச்சுக்குங்க. நீங்க பத்துல நிறுத்தினதாச் சொன்னீங்க. மூணு மணி நேரம் ஏசி ஓடிச்சுன்னு சொன்னீங்க. மூணாம் நாள் வந்து பாக்கறேன், ஒம்போது இருக்கு. மூணு மணி நேரத்துல ஒண்ணே ஒண்ணுதானா எறங்கும்?"

"அதுவா... அதுவா நின்னிருக்கும். சார்ஜ் கம்மியானா நின்னுடும்."

"இப்ப ஏழுல ஓடுதே! பத்துல நிக்குமா? போனக் குடுங்க சார். எப்ப அணைஞ்சுது, எதிலிருந்து அணைச்சதுன்னு அதுவே சொல்லும்."

அனந்த் போனைக் கொடுக்கவில்லை. புதுக் கண்ணாடிக்குக் கீழே, தரையில் உட்கார்ந்துவிட்டார். மணி பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"உங்கம்மாவக் கொன்னது தசரதன் இல்ல," என்றாள் வேதா. "ஆட்டோல போகும்போதே போன்லருந்து ஏசிய நிறுத்தினீங்க. வெயில்ல, தண்ணி குடிக்காத மனுஷி, பூட்டின காருக்குள்ள. சரியா?"

"பத்துக்குக் கீழ எறங்கிச்சு மேடம்," என்றார் அனந்த், தலை நிமிராமல். "ஊர் போய்ச் சேர முடியாது, நடுரோட்டுல நின்னுடும்னு பயம். பத்து நிமிஷத்துல வந்து மறுபடி போட்டுக்கலாம்னுதான் அணைச்சேன். ஓட்டல்ல ஆபீஸ்லருந்து போன் வந்துச்சு. பேசிக்கிட்டே சாப்பிட்டேன். அம்மாவ... மறந்துட்டேன். ஆட்டோ எறங்கும்போது எல்லாரும் அவன அடிச்சுப் போட்டிருந்தாங்க. அவன்தான் காரணம்னு சொன்னாங்க. நானும் ஆமான்னுட்டேன்."

இந்த 'ஆமா' இல்லாமல் இருந்திருந்தால் தாயை மறந்த மகன் என்று மட்டும்தான் ஊர் சொல்லியிருக்கும். அது பொறுக்காமல் ஒரு இளநீர்க்காரனைக் கொலைகாரன் ஆக்கினார். வேதாவுக்கு அவரை அறையவேண்டும் போலவும் இருந்தது, பார்க்கப் பரிதாபமாகவும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வாக்குமூலம் எழுதச் சொன்னாள்.

பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. அஜாக்கிரதையால் மரணம், பொய்த் தகவல் என்று வழக்கு. வக்கீல் பொழுது சாய்வதற்கு முன்பே ஜாமீனோடு வந்துவிட்டார். தசரதனை அடித்தவர்களைத் தேடினால், செல்போன் படங்களில் இருந்ததெல்லாம் முதுகுகள். கேட்டவர்கள் எல்லாரும் அன்றைக்கு வெளியூர் போயிருந்தார்கள். "மகனையும் பாத்தாச்சு, சங்கிலியும் கெடைச்சாச்சு, விடும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். தசரதனின் வலது கை இனி ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார்.

மாஜிஸ்திரேட் வரவேண்டிய நேரத்துக்கு வேதாதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். விலங்கைக் கழற்றினாள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். தசரதன் விடுபட்ட கையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். பல்லிடுக்கில் ஏதோ சொன்னான். புரியவில்லை. குனிந்து காதை வைத்தாள்.

"அந்த அம்மா... நல்லாருக்குதா?"

வேதா காசியம்மாளைப் பார்த்தாள். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். மூன்று நாளாக யாரும் அவனிடம் சொல்லவில்லை. அடி வாங்கியதெல்லாம் ஜனங்கள் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டதால், அந்த அம்மாள் பிழைத்து எழுந்து வந்து சொன்னால் சரியாகிவிடும் என்று அவன் காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இந்த மூன்று நாளில் அவனைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்களே போதும் என்று பட்டது வேதாவுக்கு.

"இல்லீங்க. போய்ட்டாங்க. தப்பு உங்க மேல இல்லன்னு எழுதிட்டேன்."

தசரதன் கூரையைப் பார்த்தான். கண்ணோரம் வழிந்தது காதுக்குள் போயிற்று. துடைக்க இருந்த ஒரே கையை அவன் தூக்கவில்லை.

"கதவுங்களையே அடிச்சிக்கினு நேரத்த விட்டுட்டேன்," என்றான். "மொதல்லயே பின்னால போயிருக்கணும்."