வேறொருத்தியின் துடிப்பு

அடுத்து வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள், பின்னால் கணவன். ஸ்கேன் எடுப்பவள் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். சிரிக்க வேண்டியவள் இல்லையே இவள்.

போன வாரம் இதே கட்டிலில் படுத்து, கையைப் பிடித்துக் கெஞ்சியவள். "நாலாவது தடவை கரு வெச்சிருக்காங்க அக்கா. துடிப்பு இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க." திரையில் கருப்பைக்குள் வெறும் பைதான் தெரிந்தது. எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள் ஸ்கேன் எடுப்பவள், அன்றைக்கு வாய் வரவில்லை. பாழாய்ப்போன இரக்கம்! இவளுக்கு முன்னால் வந்துபோனவளின் ஸ்கேன் பதிவைத் திரையில் ஓடவிட்டு, "அதோ பாரும்மா, துடிக்குது" என்றாள். ரிப்போர்ட்டில் உண்மையை எழுதினாள். மிச்சத்தை டாக்டர் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளட்டும்.

"டாக்டர் ஏதேதோ சொன்னாங்க," என்றாள் இவள், இன்று படுத்துக்கொண்டே. "நான்தான் கண்ணால பார்த்தேனேன்னு சொல்லிட்டேன்."

ஸ்கேன் எடுப்பவள் விளக்கை அணைத்தாள். போன வாரம் ஓடவிட்ட அந்தப் பதிவுக்கு உரியவள் இன்று காலையில் வந்திருந்தாள். உதிரம் போகவில்லை, வலியில்லை. ஆனால் போன வாரம் துடித்த கரு இருந்த இடமே தெரியாமல் பை துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

இருட்டறையில் ஏசி முனகிக்கொண்டிருக்க, ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏற, கதவுக்கு அடியில் விழுந்த வெளிச்சத்தில் வெளியே காத்திருக்கும் பெண்களின் கால் நிழல்கள் அசைந்துகொண்டிருக்க, இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் ஜெல்லைத் தடவிக் கருவியை அடிவயிற்றில் வைத்தாள்.

துடித்தது.

மூன்று துடிப்பு. ஒரு தயக்கம். மறுபடி மூன்று. அந்தப் பதிவில் பார்த்த அதே தயக்கம்.

"பாருங்க, பாருங்க!" படுத்திருந்தவள் கணவனின் கையை உலுக்கினாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "உங்க கைராசியே ராசிக்கா! அப்படியே இன்னொண்ணும் காட்டிடுங்க. ரெட்டையாப் போகட்டும்."

"வேணாம்." ஸ்கேன் எடுப்பவளின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க."

கருவியை வயிற்றிலிருந்து எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். படம் போகவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். யாரும் எதையும் தொடவில்லை.

திரையோரம் பதிவுப் பட்டியல் விரிந்தது. தானாகவே. மெல்லக் கீழே இறங்கியது. சற்றுமுன் ஸ்கேன் முடித்து, ரிப்போர்ட்டுக்காக வெளியே உட்கார்ந்திருப்பவளின் பதிவில் வந்து நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா, எல்லாம் நல்லா இருக்காம். துடிப்பைக் கூட காட்டினாங்க."

திரையில், முதலாவதற்குப் பக்கத்தில், இரண்டாவது துடிக்க ஆரம்பித்தது.