பாறையூரை அணைத்த மலை

விடிந்ததும் வடகரைக்காரர்கள் செய்யும் முதல் வேலை, வாசல் நிலையை மரச்சுத்தியலால் தட்டிச் சதுரத்துக்குக் கொண்டுவருவது. இரவோடு இரவாக ஊர் சில முழம் தெற்கே நகர்ந்திருக்கும், கதவு இறுகிப்போயிருக்கும். தட்டி முடித்துக் காப்பியோடு வெளியே வந்தால், நேற்றைவிட இன்று அக்கரை கொஞ்சம் பக்கத்தில் தெரியும்.

நெடுவான் என்ற அந்தக் கோளில் மலையே கிடையாது. தென்கடலிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று, தடுக்க ஆளில்லாமல் நிலத்தின் மேலே ஓடி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மறுகோடியில் போய்ச் சேரும். குடியேறிய மனிதர்கள் மலையை எழுப்பிக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். கோளின் மேலோடு இளையது. ஆழத்தில் கனல்கிணறுகளை இறக்கி அடிப்பாறையை இளக்கினார்கள். இளகிய பாறை வடநிலத்தைச் சுமந்துகொண்டு தெற்கே நகர்ந்தது. நடுவிலிருந்த இடைக்கடல் ஆண்டுக்காண்டு ஒடுங்கியது. சுவரை நோக்கித் தள்ளிய பாய் மடிந்து எழும்புவதுபோல, கடலடி வண்டலும் பாறையும் சுருங்கி, ஒன்றன்மேல் ஒன்றேறி, தண்ணீருக்கு மேலே முதுகு காட்டின.

இதையெல்லாம் நடத்தும் மடிப்புத் துறையின் தலைமைப் பொறியாளர் ஆவுடை. அவளுடைய அக்கா பேச்சி அக்கரையில், பாறையூரில் வாக்கப்பட்டிருந்தாள். தென்னிலத்திலிருந்து கடலுக்குள் நீண்டிருந்த பழைய கருங்கல் முனையின்மேல் இருந்தது அந்த ஊர். கிணறெல்லாம் வற்றிவிட்டது. வரும் காற்றுக் காலத்திலும் மழை இல்லையென்றால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அப்போதுதான் மலை வளையத் தொடங்கியது. அதன் நடுப்பகுதி பாறையூர் முனையில் முட்டி நின்றது. எதிர்ப்பில்லாத இரண்டு சிறகுகளும் முனையின் இருபுறமும் தெற்கே முன்னேறின.

அவைத்தலைவர் திருவரங்கம் ஆவுடையை அழைத்தார். அவர் அறைச் சுவரில் வரப்போகும் மலையின் படம் தொங்கியது: அடிக்கோல் வைத்து இழுத்த நேர்கோடு.

"ஆவுடையம்மா, மலை கோணிட்டுப் போகுதே, கணக்குத் தப்பிட்டான்னு சனங்க கேக்காங்க. ரெண்டு சிறகையும் நிறுத்திட்டு நடுவை மட்டும் தள்ளுங்க. நேராயிரும்."

"நேராகாது ஐயா. நடுவுல முட்டுறது பழம்பாறை, மடியாது. மொத்த அழுத்தமும் அதுமேல போனா ஒடஞ்சிரும். மேல ஒரு ஊர் இருக்கு." அவள் இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினாள். "நேர்ச்சுவர்ல மோதுற காத்து ரெண்டு ஓரத்துலயும் நழுவிரும். இப்படிக் குவிஞ்சிருந்தா தப்ப வழியில்ல, மேலதான் ஏறணும். ஏறினா குளிரும். குளிர்ந்தா மழை."

"அவையில முடிவாயிட்டும்மா," என்றார் அவர். அன்றே சிறகுகளின் கனல்கிணறுகள் அணைக்கப்பட்டன.

நெடுவானில் பிறக்கும் குழந்தைக்குக் காதுக்குப் பின்னால் நிலச்செவி என்றொரு கருவியைப் பொருத்திவிடுவார்கள். நிலத்தின் அதிர்வை அது ஓசையாக்கித் தரும். அந்த முனகலில்தான் எல்லோரும் வளர்ந்தார்கள். சில நாட்களில் பேச்சி அக்கரையிலிருந்து தொலைபேசியில் பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"ஏட்டி ஆவுடை, காதுக்குள்ள யாரோ பல்லைக் கடிக்க மாதிரி கேக்கு. வீட்டுச் செவுரு தலைவாசல்லேர்ந்து அடுப்படி வரைக்கும் பொளந்துட்டு."

"முனகல் கேக்குதா?"

"அது நின்னுபோச்சு. நறநறன்னு இதுதான். எல்லாத்தையும் நிறுத்திரேன்ட்டி."

"நிறுத்தினா மட்டும் பத்தாதுக்கா. இளகின பாறை சொன்ன உடனே நிக்காது. அதுக்கு வேற வழி விடணும். ஊரை வெட்டவெளிக்குக் கூட்டிட்டுப் போ."

ஆவுடை யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. சிறகுகளின் கனல்கிணறுகள் அத்தனையையும் முழுவீச்சில் மூட்டச் சொன்னாள். உதவிப் பொறியாளர் இசக்கிராசு கைவைக்கத் தயங்கினார்.

"மேலேர்ந்து கேட்டா என்ன சொல்ல?"

"மலை வளைஞ்சிட்டுன்னு சொல்லுங்க."

பாறை இளக நேரம் பிடித்தது. ஆவுடை தரையில் உள்ளங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். பிறகு கிழக்குச் சிறகு அசைந்தது, மேற்குச் சிறகு தொடர்ந்தது. நடுவில் அடைபட்டிருந்த விசை இருபுறமும் வழி கண்டு பாய்ந்தது. இடைக்கடலில் மிஞ்சிய தண்ணீர் இரண்டு ஓரங்களிலும் பீறிட்டு வெளியேற, வடநிலமும் தென்னிலமும் தொட்டுக்கொண்டன. மலை பாறையூரை இரண்டு கைகளாலும் வளைத்து அணைத்தபடி, மடிப்பு மடிப்பாக வானத்தில் ஏறியது. நறநறப்பு தேய்ந்து, பழைய முனகல் திரும்பியது.

"அடங்கிட்டுட்டி," என்றாள் பேச்சி, மறுபடியும் தொலைபேசியில் கூப்பிட்டு.

காற்றுக் காலம் வந்தது. தென்கடல் காற்று வழக்கம்போல் ஓடிவந்து, வளைவுக்குள் புகுந்து, திகைத்து, மேலே ஏறியது. சிகரங்கள் கறுத்தன. ஆவுடை புது மலையின் கணவாய் ஒன்றின் வழியாக நடந்தே பாறையூரில் இறங்கினாள். வடகரையிலிருந்து தரைவழியே அங்கே கால்வைத்த முதல் மனுஷி அவள்தான். ஊரே தெருவில் அண்ணாந்து நின்றது. அக்காவின் நெற்றியில் முதல் துளி விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். இரண்டு பேரும் நனைந்து, நடுங்கி, சிரித்துச் சிரித்து அழுதார்கள்.

வெற்றி விழா கொட்டும் மழையில் பாறையூரிலேயே நடந்தது. ஆவுடையைப் பல்லக்கில் வைத்துத் தூக்கிவந்தார்கள். அவைத்தலைவர், மலை வளைய வேண்டும் என்று தாம் ஆதியிலிருந்தே சொல்லிவந்ததை நினைவுகூர்ந்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

"நமக்கு மழை தந்த இந்த மலைக்கு நன்றி சொல்ற விதமா, ஊர் எல்லையில பிரம்மாண்டமான நினைவு வளைவு ஒண்ணு கட்டப்போறோம். முழுக்க முழுக்கக் கருங்கல்."

கைதட்டல் ஓயும்வரை பொறுத்திருந்து ஆவுடை கேட்டாள்: "அவ்வளவு கல்லுக்கு எங்கய்யா போவீங்க?"

தலைவர் பெருமையாகச் சிரித்தார். "கல்லுக்கா பஞ்சம்? அதான் மலை இருக்கே."

மழைச் சத்தத்தையும் மீறிக் கைதட்டல் எழுந்தது. பேச்சிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.