தனுசுக் கைக் குடும்பம்

அந்தக் காலத்தில் யாரும் யாரிடமும் முதலில் பெயர் கேட்பதில்லை. “நீங்க எந்தக் கை?” என்றுதான் கேட்பார்கள். பால்வீதி முழுக்க மனிதர்கள் குடியேறியிருந்தார்கள். நடுவில் கிழட்டுச் சிவப்பு நட்சத்திரங்கள் மொய்க்கும் மையப் புடைப்பு. அதற்கும் நடுவே யாரும் குடிபோக விரும்பாத கருந்துளை. புடைப்பைச் சுற்றித் தட்டையான வட்டு. வட்டில் சுருண்டு கிடக்கும் நட்சத்திரக் கைகளில்தான் புது நீல நட்சத்திரங்கள் பிறந்தன, மனை விலையும் ஏறியது. இவை எல்லாவற்றையும் சூழ்ந்த ஒளிவட்டத்தில், கோளக்கொத்துகள் எனும் பழம்பெரும் நட்சத்திரக் கூட்டங்களில், கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் கைக்காரர்கள் பெண் கொடுப்பதில்லை.

திருமேனி தனுசுக் கைக்காரர். அவருடைய ஒரே மகள் இளவெயினி, ஒளிவட்டத்துக் குயிலனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

“கைக்குள்ள ஒரு பையன்கூடவா கிடைக்கலை உனக்கு?”

“அவர் ரொம்ப நல்லவர்ப்பா.”

“நல்லவன்தான். இருக்கிற இடம்?”

குடும்பப் பெருமையை மகளுக்கு உறைக்கவைக்க, விண்ணளவைத் துறை அதிகாரியைத் திரையில் அழைத்தார். “நாங்க பரம்பரை பரம்பரையா தனுசுக் கைதானே? இவகிட்ட நீங்களே சொல்லுங்கம்மா.”

அந்த அம்மாள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “சார், கைங்கிறது ஊர் இல்லை. டிராஃபிக் நெரிசல் மாதிரி. நட்சத்திரங்கள் உள்ளே வரும், கொஞ்ச காலம் நெருக்கியடிக்கும், அப்புறம் வெளியே போயிடும். உங்க சூரியன் உங்க தாத்தா காலத்துலயே கையைத் தாண்டியாச்சு. இப்ப நீங்க ரெண்டு கைக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில இருக்கீங்க.”

திருமேனி இடிந்துபோனார். இளவெயினிக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

“சரி, அந்தப் பையன் வீட்டுக்காரங்களையே பேசச் சொல்லு,” என்றார் கடைசியில்.

ஆனால், ஒளியை மிஞ்சும் வேகம் இந்த மாதிரிச் செய்திகளுக்கு மட்டுமே உண்டு. திரையில் வந்த குயிலனின் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“நாங்க பால்வீதியிலேயே மூத்த நட்சத்திரக்காரங்க. கைக்காரங்க சம்பந்தம்னு சொல்லித்தான் எங்க ஆளுங்க வாயை அடைச்சு வச்சிருந்தேன். இடைவெளிக்காரங்கன்னா எப்படிங்க?”

அவளுக்குப் பின்னால் குயிலன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். 

இளவெயினி எழுந்து உள்ளே போய்விட்டாள். திருமேனிக்கு வாழ்க்கையில் முதன்முறையாக அறச்சீற்றம் பொங்கியது.

“இந்தக் காலத்துலயும் இடம் பார்த்துப் பொண்ணு எடுக்கிறாங்களே, இவங்கள்லாம் மனுஷங்களா!”

அடுத்த மாதமே அவர் தலைமையில் இடைவெளிவாழ் மக்கள் நலச் சங்கம் உதயமாயிற்று. சங்கத்துக்கு வெளியே யாரும் பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாது என்ற முதல் தீர்மானம் பலத்த கைதட்டலுடன் நிறைவேறியது. இளவெயினிக்கு வரன் பார்க்கும் பொறுப்பைச் செயற்குழுவே ஏற்றுக்கொண்டது.