காற்றுக்கு எதிரே ஒரு பாளம்

மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறுத்தியது. வடதுருவக் கடலில் மிதக்கும் பனிப்பாளங்கள்மேல் வைத்த கருவிகள் ஒவ்வொன்றும் அவள் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. எல்லாப் புள்ளிகளும் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் வடக்கே போனது.

பனி எந்தப் பக்கம் நகரும் என்று கணித்துச் சொல்வது அந்த அலுவலகத்தில் அவள் வேலை. பனிக்குக் கால் இல்லை, காற்றுதான் அதைத் தள்ளும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சிரித்துக்கொண்டே சொல்வாள். கடலின் மேற்கே உயர் அழுத்தம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது, கிழக்கே தாழ்வழுத்தம். இரண்டுக்கும் நடுவே வடகாற்று சில நாளாக ஓயாமல் அடித்தது. அந்தக் காற்றில் பாளங்கள் தெற்கே, கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி, போயே தீர வேண்டும்.

வடக்கே போன பாளத்தின்மேல் ஆராய்ச்சி முகாம் இருந்தது. முகாமின் சமையல்காரன் அவள் தம்பி.

முதல் சந்தேகம் எதிர் மேஜைப் பொறியாளர்மேல்தான். முகாமின் கருவிகளும் கம்பத்துக் கேமராவும் அவர் பொறுப்பு. காலையிலிருந்து மனிதர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் திரும்பும்போதெல்லாம் தன் திரையை மாற்றினார். கேட்டதற்கு, கருவி கெட்டுவிட்டது, அந்தப் புள்ளியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மழுப்பினார். கெட்ட கருவியின் புள்ளி கண்டபடி துள்ளும். இதுவோ நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

ஏசியின் மெல்லிய உறுமலும், ஆறிப்போன காபியின் கசப்பு வாசனையும், ஜன்னல் திரை அசைய அசைய சுவரில் நீண்டு சுருங்கிய நிழலும், பொறியாளர் விசைப்பலகையில் தட்டிய சின்னச் சத்தமும் சேர்ந்து அவளை உட்காரவிடவில்லை. செயற்கைக்கோள் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டாள்.

"என்னடா, காத்து எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா. எல்லாரும் கூடாரத்துல உக்காந்து டீ குடிக்கிறோம்."

அவ்வளவுதான். வாய் ஓயாதவன் அவன். அடுப்பு எரியவில்லை, மாவு நனைந்துவிட்டது என்று எப்போதும் ஒரு மூச்சு புலம்புவான். இப்போது அவள் கேட்டால்தான் பதில். பின்னால் யார் பேச்சும் இல்லை. தம்ளர் சத்தம் இல்லை. கூடாரத் துணியை அடிக்க வேண்டிய அந்தக் காற்றுகூட இல்லை.

"பாளம் நகர்ற மாதிரி தெரியுதா?"

"நகருதேக்கா. நீ எப்ப வர்ற?"

இதுவரை அவன் அப்படிக் கேட்டதே இல்லை.

இணைப்பைத் துண்டிக்காமல் உள்ளே வந்து பொறியாளரின் மேஜைமுன் நின்றாள். கேமரா படத்தைக் காட்டச் சொன்னாள்.

"வேண்டாம் மேடம். மேலிடத்துக்குச் சொல்லியாச்சு. அவங்க பாத்துக்குவாங்க."

"என் தம்பி லைன்ல இருக்கான் சார். காட்டுங்க."

அவர் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"லைன்ல இருக்கறது யாரு மேடம்?" என்றார்.

அவளே கையை நீட்டிப் படத்தைத் திறந்தாள்.

வெயில். வெள்ளை வெளி. கூடாரங்கள் காலி. பாளத்தின் வடக்கு விளிம்பு, அதற்கப்பால் கறுத்த தண்ணீர். தண்ணீரில் தலைகள்.

முகாமில் இருந்த அத்தனை பேரும். மார்பளவு நீரில். இரண்டு வரிசை. தோளில் கயிறு. கயிறுகள் விறைத்துப் பாளத்தோடு கட்டியிருந்தன.

இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒருவன். இடது தோள் சாய்ந்த அந்த நிற்பு. அவளுக்குத் தெரியும். அவன் மட்டும் திரும்பிக் கேமராவைப் பார்த்தான். கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. பல்லுக்குப் பின்னால், தொண்டைவரைக்கும், பனி இறுகிக் கிடந்தது.

போனில் அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.