சத்தத்தை நிறுத்திப் பாருங்கள்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில் லிஃப்ட்கூடக் கொஞ்சம் இளைப்பாறும். ஏறவும் இறங்கவும் பிள்ளைகள் வரமாட்டார்கள். எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார்கள். 'காற்றுப் படகு' தொடங்கிவிடும்.

அது ஜப்பானில் வரைந்த கார்ட்டூன் தொடர். அங்கே பெரிய பரிசும் வாங்கியதாம். கனடாவுக்கு வந்ததும் அது ஆங்கிலம் பேசத் தொடங்கியது. தீவொன்றில் படகோட்டும் அண்ணன் பில்லி, அவனுடைய தங்கை லூசி. ஜப்பானில் அவர்களுக்கு வேறு பெயர்களாம். இங்கே மாற்றிவிட்டார்கள்.

பத்து வயது மங்கையற்கரசிக்கும் அதுதான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் நாளே அவள் மங்கை ஆகிவிட்டாள். அதில் அவளுக்குக் கோபம் இல்லை. எழுதுகிற நேரம் மிச்சம் என்று விட்டுவிட்டாள்.

கோபம் வந்தது வேறொரு விஷயத்தில்.

ஒவ்வொரு பள்ளித் தவணையும் மிஸ் பென்னெற்றின் வகுப்பு ஏதாவது ஒன்றுக்கு விருது கொடுக்கும். இந்தத் தவணை தொலைக்காட்சி நிகழ்ச்சி. இருபத்தேழு பேரில் இருபத்துநான்கு பேர் 'காற்றுப் படகு' என்று எழுதிப் போட்டார்கள். மிச்ச மூன்று பேரும் ஐஸ் ஹொக்கி என்று எழுதினார்கள். அட்டையில் பெரிய நட்சத்திரம் வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை முழுப் பள்ளியும் கூடும்போது அந்த விருதை அறிவித்து ஒருவர் பேச வேண்டும். எல்லாரும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். மங்கை எழுதியதுதான் தெரிவானது.

புதன்கிழமை மிஸ் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நடுவில் ஒரு வரி சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்தது.

'அண்ணன் இறந்த மறுநாளே லூசி தனியாகப் படகில் ஏறினாள்.'

"பில்லி இறக்கவில்லை, மங்கை," என்றார் மிஸ். "போன சனிக்கிழமை நானும் பார்த்தேன். பட்டணத்துக்குப் படிக்கப் போயிருக்கிறான்."

"இல்லை, மிஸ். அவன் புயலில் செத்துப்போனான்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"இவளுக்கு இங்கிலிஷ் விளங்கவில்லை!" என்று பின்வரிசை வாங்கிலிருந்து கெவின் கத்தினான். வகுப்பிலேயே உயரமானவன் அவன்தான். குரலும் அந்த உயரத்துக்கு இருக்கும். "'பில்லி படிக்கப் போய்விட்டான், சீக்கிரம் வருவான்' என்று சொன்னார்களே! உன் காதில் என்ன, பஞ்சா?"

மங்கைக்குக் காது நன்றாகக் கேட்கும். தொலைக்காட்சியில் அந்தக் குரல் சொன்னதையும் கேட்டாள். படத்தையும் பார்த்தாள். வெறும் படகு கரைக்கு வந்தது. பிறகு வீட்டில் பில்லியின் படம். அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு, ஊதுவத்திப் புகை. மங்கையின் வீட்டிலும் அப்பாவின் படம் இருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை அம்மா அதன் முன்னால் சோறும் கறியும் படைப்பாள். யாருக்கு அப்படிப் படைப்பார்கள் என்று மங்கைக்குத் தெரியாதா?

"படத்துக்கு முன்னால் சோறு வைத்திருந்தார்களே, மிஸ். உயிரோடு இருப்பவர்களுக்கு அப்படி வைக்கமாட்டார்கள்."

"அவனுக்குப் பசித்திருக்கும்!" என்றான் கெவின். மறுபடியும் சிரிப்பு.

மிஸ் கையைத் தூக்கிச் சிரிப்பை நிறுத்தினார். அவர் கெட்டவர் அல்ல. மெதுவாகத்தான் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை முதலாம் வகுப்புச் சின்னவர்களும் இருப்பார்கள், மங்கை. அவர்களை அழவைக்கலாமா? அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடு. முடியாவிட்டால் கெவின் எழுதியதை வாசிக்கலாம்."

"மாற்றமாட்டேன், மிஸ்."

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு பலமாக வந்தது என்று அவளுக்கே தெரிந்தது.

"நாளைவரை யோசி," என்றார் மிஸ்.

இடைவேளையில் கிளடிஸ் அவளைப் பிடித்து இழுத்தாள். கிளடிஸும் அதே வகுப்புத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்.

"ஒரு வரிதானேயடி! மாத்திப்போட்டு வாசியன்."

"நீயெண்டா மாத்துவியோ?"

"ஓம். ஏன் மாத்தாமல்? எனக்கு மேடையில நிக்க ஆசை."

"எனக்கும் ஆசைதான்," என்றாள் மங்கை. "ஆனா அவன் செத்தது செத்ததுதான். லூசி அழுதழுதுதானே துடுப்புப் போட்டவள். அண்ணன் படிக்கப் போனதுக்கு ஆராவது உப்பிடி அழுவினமோ?"

"என்ரை அண்ணன் படிக்கப் போனா நான் சிரிப்பன்," என்றாள் கிளடிஸ்.

பள்ளி விட்டதும் மங்கை பதினாலாம் மாடிக்குப் போனாள். அம்மா வேலையால் வரும்வரை யோகராணி அன்ரி வீட்டில்தான் இருப்பாள். அன்ரிக்குச் சனிக்கிழமைகளில் தொழிற்சாலை வேலை. அதனால் 'காற்றுப் படகை' வீடியோ டெக்கில் பதிந்து வைத்து, நேரம் கிடைக்கிறபோது பார்ப்பார். அன்றைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குச் சிவந்திருந்தது.

"நாப்பது வயசில கார்ட்டூன் பாக்கிறன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, பிள்ளை."

"சொல்லமாட்டன் அன்ரி. ஏன் அழுறீங்கள்?"

"அந்தப் பொடியன் செத்துப்போனானெல்லே. பாவம், தங்கச்சி தனிய."

மங்கை துள்ளி எழுந்தாள். "அன்ரி! அவன் செத்துப்போனானெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? கண் தெரியாதோ எனக்கு?"

"ஆனா டீவியில படிக்கப் போனானெண்டெல்லோ சொல்லினம்?"

"அப்பிடியோ சொல்லினம்?" அன்ரிக்கு ஆச்சரியம். "அவையின்ரை இங்கிலிஷ் எனக்குப் பிடிபடாது. மிஷின் சத்தம் கேட்டுக் கேட்டுத் தலையிடி வேறை. நான் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் பாக்கிறனான்."

மங்கை தொலைக்காட்சியைப் பார்த்தாள். உண்மைதான். அறையில் ஒரு சத்தமும் இல்லை. திரையில் லூசி மட்டும் வாய் திறந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அன்ரி, உந்த கசெற்றை நாளைக்கு ஒருக்காத் தருவீங்களோ?"

"பள்ளிக்கூடத்துக்கோ? ஐயோ, ஆற்றையெண்டு கேட்டால்?"

"உங்கடை பேர் சொல்லமாட்டன். பிள்ளையாராணை!"

மறுநாள் காலை மங்கை கசெற்றை மிஸ்ஸின் மேசையில் வைத்தாள்.

"நான் யோசித்தேன், மிஸ். நான் சொல்வதை நம்ப வேண்டாம். குரல் சொல்வதையும் நம்ப வேண்டாம். சத்தத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் ஒருமுறை பாருங்கள். அதற்குப் பிறகும் பில்லி படிக்கப் போனான் என்று வகுப்பு சொன்னால், கெவின் வாசிக்கட்டும்."

 மிஸ் நூலகத்துக்குப் போய், சில்லு வைத்த மேசையில் தொலைக்காட்சியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"டிவி பழுதா?" என்று கெவின் கேட்டான். சிலர் சிரித்தார்கள்.  'பிள்ளையாரே, என்னை மட்டும் அழப்பண்ணாதேயும்,' என்று மங்கை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

திரையில் புயல் அடித்தது. சத்தமில்லாத புயல். பில்லி படகைத் தள்ளிக்கொண்டு போனான். அலை எழுந்தது. விடிந்தது. கரையில் படகு மட்டும் கிடந்தது. ஊரார் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பில்லியின் அம்மா கறுப்பு உடுத்தி, படத்துக்கு முன்னால் குனிந்து சோற்றுக் கிண்ணத்தை வைத்தாள். அவள் கை நடுங்கியது. போன சனிக்கிழமை அந்த இடத்தில் துள்ளல் பாட்டு ஒன்று ஒலித்தது. அதனால் அந்தக் கையை யாரும் கவனித்திருக்கவில்லை.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஐஸ் ஹொக்கிக்காரர் மூன்று பேரும்கூட அசையவில்லை.

படம் முடிந்தது. பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. அது கெவின் குரல் என்று நம்புவதே கஷ்டமாக இருந்தது. அவ்வளவு சின்னதாக இருந்தது.

"அவன் வரமாட்டான், இல்லையா?"

"வரமாட்டான்," என்றாள் மங்கை.

"அப்படியென்றால் எங்களுக்கு ஏன் பொய் சொன்னார்கள்?"

"நாங்கள் அழுவோம் என்று பயந்திருப்பார்கள்."

"நான் ஒன்றும் அழவில்லை!" கெவின் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான்.

இப்போது மங்கை சிரித்திருக்கலாம். 'உன் கண்ணில் என்ன, பஞ்சா?' என்று கேட்டிருக்கலாம். கிளடிஸ் அவளைக் கிள்ளிக்கூடப் பார்த்தாள். மங்கை எழுந்துபோய் மிஸ்ஸின் மேசையிலிருந்த கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்தாள். அதைக் கெவினின் வாங்கில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

மிஸ் தொலைக்காட்சியை அணைத்தார்.

"நான் நன்றாகப் பார்த்தேன் என்று நினைத்தேன், மங்கை. கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறேன். நீ எழுதியதை எழுதியபடியே வாசி. ஆனால் சின்னவர்கள் ஏதாவது கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும்."

"சொல்லுவேன், மிஸ். இன்னும் ஒன்று. அந்த நட்சத்திரத்தை உயர்த்திப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கெவின்தான் உயரம்."

கெவின் கைக்குட்டைப் பெட்டிக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டினான். "உண்மையாகவா?"

"கீழே போட்டால் மட்டும் கொல்லுவேன்," என்றாள் மங்கை.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முதலாம் வகுப்புச் சின்னவர்கள் முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார்கள். கெவின் நட்சத்திரத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். மங்கை வாசித்தாள். அந்த வரி வந்தது. அவள் தாளைப் பார்க்காமல் சின்னவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணன் இறந்த மறுநாளே லூசி தனியாகப் படகில் ஏறினாள். அதனால்தான் இந்த விருதை இந்தத் தொடருக்குக் கொடுக்கிறோம்."

 ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன் வரிசையில் பல் விழுந்த ஒரு சின்னப் பெண் கையை உயர்த்தினாள்.

"பில்லி செத்துப்போனானா?"

"ஓம்," என்று தமிழில் வந்துவிட்டது. மங்கை ஆங்கிலத்தில் திருத்திக்கொண்டாள். "யெஸ். செத்துப்போனான்."

சின்னவள் யோசித்தாள். 

"லூசிக்குப் படகு ஓட்டத் தெரியுமா?"

"சரியாகத் தெரியாது. பழகிக்கொண்டிருக்கிறாள்."

"பயமில்லையா அவளுக்கு?"

"பயம்தான். பயந்து பயந்துதான் ஓட்டுகிறாள்."

"அப்படியென்றால் சரி," என்றாள் அந்தச் சின்னவள். கையை இறக்கிவிட்டு, எல்லாருக்கும் முதலாகக் கைதட்டத் தொடங்கினாள்.