பட்டனை விடாதே

அவளுக்குப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் அழகான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எல்லாரும் கூப்பிட்டது 'தந்தி' என்றுதான். அது அவளுடைய மாமா வைத்த பெயர்.

"அந்தக் காலத்துல தந்தின்னு ஒண்ணு வரும். அதுல நாலே நாலு வார்த்தைதான் இருக்கும். நம்ம பொண்ணு பேசறதும் அப்படித்தான்!" என்பார் மாமா.

தந்தி சுருக்கமாகப் பேசியதற்குக் காரணம் இருந்தது. சில சொற்கள் அவள் தொண்டையிலேயே நின்றுகொள்ளும். அதிலும் 'த' என்று தொடங்கும் சொல் வந்துவிட்டால், வாசற்படியில் கால் தடுக்கிய மாதிரி நாக்கு அப்படியே நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்தால் சொல் தானாக வந்துவிடும். அந்தக் கொஞ்சத்தைப் பொறுக்கத்தான் யாருக்கும் நேரம் இல்லை.

"அம்மா, த..." என்று காலையில் ஆரம்பிப்பாள்.

"தண்ணியா? இந்தா" என்று அம்மா அவசரமாக டம்ளரை நீட்டுவாள்.

அவள் சொல்ல வந்தது, 'தலை சீவி விடு' என்று. ஆனாலும் தண்ணீரை வாங்கிக் குடித்துவைப்பாள்.

வகுப்பில் இன்னும் மோசம். அவளுக்குப் பக்கத்து பெஞ்சில் 'மைக்' இருந்தான். வகுப்புத் தலைவன் அவன்தான். ஒலிபெருக்கி இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும் குரல். நல்ல பையன்தான். ஆனால் தந்தி வாயைத் திறந்தால் போதும், மீதியை அவனே சொல்லி முடித்துவிடுவான். முக்கால்வாசி தப்பாகத்தான் இருக்கும்.

அந்த வருடம் ஐந்தாம் வகுப்பை மலைக்கு நடைப்பயணம் கூட்டிப்போவதாகப் பள்ளியில் முடிவு செய்தார்கள். அறிவியல் சார் வகுப்புக்கு ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே இரண்டு வாக்கி-டாக்கிகள்.

"மலையில செல்போனுக்குச் சிக்னல் கிடைக்காது. அதனால முன்னாடி போறவங்ககிட்ட ஒண்ணு, கடைசியில வர்றவங்ககிட்ட ஒண்ணு" என்றார் சார்.

பின்பக்கம் பேட்டரியை வைத்து 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினார். ஆன்டெனாவைத் திருகினார். மேலே இருந்த குமிழைத் திருப்பியதும் குட்டித் திரையில் வெளிச்சம் வந்தது. இரண்டிலும் ஐந்தாம் சேனலை வைத்தார்.

"மைக், நீ ஒண்ணை எடுத்துட்டு மைதானத்துக்குப் போ. இந்தப் பட்டனை அமுக்கிட்டுப் பேசு. பேசி முடிச்சதும் 'ஓவர்'னு சொல்லிட்டு விட்டுடு."

மைக் சிட்டாய்ப் பறந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தால், மரத்தடியில் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தான். சாருடைய கருவியோ கல்லுப்பிள்ளையார் மாதிரி கம்மென்று இருந்தது.

சார் பேட்டரியைக் கழற்றி மாட்டினார். தட்டினார். குலுக்கினார். காதில் வைத்துப் பார்த்தார். ஒரு மாணவன் ஊதிக்கூடப் பார்த்தான்.

தந்தி பெட்டிக்குள் கிடந்த தாளை எடுத்துப் படித்தாள். பிறகு திரையை உற்றுப் பார்த்தாள். பெரிய ஐந்துக்குப் பக்கத்தில் கடுகு அளவில் இன்னொரு எண் இருந்தது.

"சார், சி... சி..."

"சின்னப் பசங்க தொடக்கூடாதா?" என்றது ஒரு குரல்.

"சிக்னல் போச்சா?" என்றது இன்னொரு குரல்.

தந்தி பெருமூச்சு விட்டாள். வாய்க்கு வேலை வைக்காமல் நேரே மைதானத்துக்கு ஓடினாள். மைக் கையில் இருந்த கருவியிலும் அந்தச் சின்ன எண்ணைப் பார்த்தாள். அதில் எட்டு, சார் கையில் இருந்ததில் மூன்று. எட்டை மூன்றாக்கிவிட்டு வகுப்புக்குத் திரும்பி வந்தாள்.

"...கேக்குதா? தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன், ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்களே!" என்று மைக்கின் குரல் வகுப்பறையில் அதிர்ந்தது.

எல்லாரும் கை தட்டினார்கள்.

"சின்ன நம்பரும் ஒண்ணா இருக்கணும் சார்" என்றாள் தந்தி, ஒரு வழியாக.

"நான் அந்தத் தாளைப் பிரிச்சே பார்க்கல. ரொம்ப நன்றிம்மா" என்றார் சார்.

அதற்குள் கருவி மறுபடியும் கரகரத்தது. "எல்லாரும் இங்க வர..." என்றது. அவ்வளவுதான். கடைசி பெஞ்சு உட்பட வகுப்பே எழுந்து மைதானத்துக்கு ஓடியது.

மைக் தலையில் அடித்துக்கொண்டான். "ஏய், எதுக்கு எல்லாரும் வந்தீங்க? வெயில் கொளுத்துது, 'இங்க வர வேண்டாம்'னுதானே சொன்னேன்!"

அவசரத்தில் பாதியிலேயே பட்டனை விட்டிருந்தான். 'வேண்டாம்' அவன் கையோடு நின்றுவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். தந்தியும் சிரித்தாள். 'வால் அறுந்தா அர்த்தமே தலைகீழா ஆயிடுதே!' என்றும் நினைத்துக்கொண்டாள்.

மறுவாரம் மலைக்குப் போனபோது, முன் வரிசைக் கருவியைச் சார் மைக்கிடம் கொடுத்தார். பின் வரிசைக் கருவியைத் தந்தியிடம் நீட்டினார்.

அவளுக்குத் திக்கென்றது. "சார், நான் பே... பேச நேரமாகும்."

"ஆகட்டுமே! நீ பேசி முடிச்சுப் பட்டனை விடற வரைக்கும், அவனால கேக்கத்தான் முடியும்" என்றார் சார்.

தந்தி கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்படியும் ஒரு பொருளை யாரோ செய்திருக்கிறார்களே! அந்த யாரோவுக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொன்னாள்.

விளையாட்டு டீச்சரும் மைக்கும் பாதிப் பிள்ளைகளோடு முன்னால் போனார்கள். சாரும் தந்தியும் மீதிப் பேரோடு பின்னால் போனார்கள். வழியில் ஓர் ஓடை. கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆறேழு கற்களில் கால் வைத்துத் தாண்டி, மேலே ஏறி, சாப்பிட்டு, விளையாடி, அதே வழியில் இறங்கத் தொடங்கினார்கள். மலை உச்சிப் பக்கம் மட்டும் வானம் மை பூசினாற்போல் இருண்டிருந்தது.

பாதி வழியில், பின் வரிசையில் ஒரு சிறுமிக்குக் கால் பிசகிவிட்டது. சார் உட்கார்ந்து கைக்குட்டையால் கட்டுப் போட ஆரம்பித்தார். தந்தி பாதை வளைவில் இருந்த பாறைமேல் நின்றாள். அங்கிருந்து கீழே ஓடைக்கரை தெரிந்தது. முன் வரிசைப் பிள்ளைகள் காலணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மேலே எங்கோ 'ஹோ' என்று ஒரு சத்தம் கேட்டது. தந்தி திரும்பிப் பார்த்தாள். பாறைகளுக்கு நடுவே வெள்ளை நூல் மாதிரி தெரிந்த ஓடை, பழுப்பாகப் பருத்து உருண்டு வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு முழு மரக்கிளை மிதந்தது.

"சார்!"

சார் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து நின்று, "இறங்காதீங்க!" என்று கத்தினார். காற்று அந்தக் குரலை வேறு பக்கம் அடித்துக்கொண்டு போயிற்று. "நீ சொல்லும்மா! சீக்கிரம்!"

தந்தி பட்டனை அழுத்தினாள். ஒரு நொடி நிறுத்தினாள்.

'இறங்காதீங்க' என்று சொல்லலாமா? வால் அறுந்தால்? அந்தப் பக்கம் 'இறங்' என்று மட்டும் கேட்டால்? கூடாது. வெட்டுப்பட்டாலும் அர்த்தம் மாறாத சொல் வேண்டும்.

"நில்லுங்க! நில்லுங்க! கரையிலேயே நில்லுங்க!"

காரணம் சொல்லாவிட்டால் மைக் விளையாட்டு என்று நினைப்பான். காரணமோ 'த'வில் தொடங்கியது.

"த..."

நாக்கு நின்றுவிட்டது. கட்டைவிரல் மட்டும் விடவில்லை. அழுத்தி அழுத்தி நகம் வெளுத்தது. ஆனால் இந்த முறை யாரும் டம்ளரை நீட்டவில்லை, மீதியைச் சொல்லி முடிக்கவில்லை. அந்த முனையில் மைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான். தந்தி ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

"தண்ணி வருது. மேலேயிருந்து பெருசா வருது. எல்லாரும் மேட்டுல ஏறுங்க. ஓவர்."

விரலை எடுத்தாள். 'கர்ர்ர்' என்றது கருவி. கீழே விளையாட்டு டீச்சர் கைகளை விரித்துப் பிள்ளைகளைக் கோழி மாதிரி அணைத்து மேலே தள்ளுவது தெரிந்தது. கடைசியாக ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்தார்.

வெள்ளம் வந்தது. கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"கேட்டுச்சும்மா..." மைக்கின் கருவியிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "எல்லாரும் மேட்டுல இருக்கோம். எண்ணிட்டேன். எல்லாரும் இருக்காங்க. ஓவர்."

சார் அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

முன் வரிசை திரும்பி ஏறி வந்து இவர்களோடு சேர்ந்துகொண்டது. இனிப் பாலம் இருக்கும் சுற்றுப்பாதையில்தான் போக வேண்டும். டீச்சர் தந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தன் ரெண்டாவது கல்லுல கால் வச்சிட்டாம்மா. உன் குரல் வந்ததும் அப்படியே நின்னான். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

அந்த ஒருத்தன் ஒற்றை ஷூவோடு பின்னால் நின்றான். மற்ற ஷூவை ஓடை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அது மைக்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் குரல் மெலிந்துபோயிருந்தது.

"தேங்க்ஸ்" என்றான், காற்று மாதிரி.

"உனக்கும் தேங்க்ஸ். நான் சொல்ற வரைக்கும் கா... காத்திருந்தியே."

"நான் எங்க காத்திருந்தேன்? நீதான் பட்டனை விடவே இல்லையே!"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் கிளம்பியதும், "பாறைமேல நின்னு என்ன பார்த்தே? முதல்ல இருந்து சொல்லு" என்று பிள்ளைகள் தந்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் ஆரம்பித்தாள். நடுநடுவே சொற்கள் நின்றன. மைக் இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டு தடவையும் தன் கையாலேயே பொத்திக்கொண்டான்.

அவள் மரக்கிளை மிதந்து வந்த இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளுடைய தெரு வந்துவிட்டது. பஸ் நின்றது. தந்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டே பாப்பா?" என்றார் ஓட்டுநர். வண்டியை அணைத்துவிட்டு, இருக்கையில் திரும்பி உட்கார்ந்தார். "நானும் அப்போதிருந்து கேட்டுட்டேதான் வர்றேன். முழுசா சொல்லிட்டு இறங்கு. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

தந்தி பையைக் கீழே வைத்தாள். ஆற அமர, கடைசிச் சொல் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.