ஸ்கார்வ் தீவில் இன்னும் ஒருவர்

ஹால்வர் மூன்று பெயர்களை நிரப்பி, ஜூன் பதினான்கு என்று தேதி போட்டு, பதிவுக்கான பொத்தானை அழுத்தினான். ஸ்கார்வ் தீவு கோல்ஃப் மைதானத்தின் இணையப் பக்கம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சொன்னது: 'மன்னிக்கவும். உங்கள் குழுவின் முந்தைய ஆட்டம் இன்னும் முடியவில்லை. மைதானத்தில் இருப்பவர்: 1.'

முந்தைய ஆட்டம் நடந்தது போன ஆகஸ்டில். இது ஜனவரி.

பிற்பகல் மூன்று மணி. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. நவம்பர் கடைசியில் விடுப்பில் போன சூரியன் இன்னும் பணிக்குத் திரும்பியிருக்கவில்லை. வடக்கு நார்வேயில் இந்த இருட்டில் வீட்டுக்கு ஒருவராவது கோடைக்காலத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பார். போடாதவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தார் கவலைப்படுவார்கள். ஹால்வருக்குத் திட்டம் போடுவதுதான் பிழைப்பே. நகராட்சியில் பனி வாரும் வண்டிகளுக்கு அட்டவணை எழுதுகிறவன். ஒரு பட்டியலில் எல்லா வரியும் முடிந்து ஒரு வரி மட்டும் திறந்து கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அவன் மனைவி பிரிந்துபோகும்போது எழுதிவைத்த ஏழு காரணங்களில் இது இரண்டாவது. அந்தத் தாளிலும் அவன் ஒவ்வொன்றாகச் சரி போட்டு வைத்திருந்தான்.

மறுபடி அழுத்தினான். மைதானத்தில் இருப்பவர்: 1.

போர்கில்டுக்குப் போன் போட்டான். தீவுக்கு எதிர்க்கரையில், படகுத்துறையில் இருந்துகொண்டு அந்த ஒன்பது குழி மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவி அவர். குளிர்காலத்தில் தீவில் ஆடுகள்கூட இருக்காது.

"அதுவா? நான்தான்ப்பா போட்டேன்," என்றார் போர்கில்ட். "நேத்து அந்தக் குடிசை நோட்டைக் கட்டும்போது பாத்தேன். உங்க நாலு பேர்ல ஒரு பேர் மட்டும் கோடு போட்டு அடிக்காம கெடக்கு. அடிக்கலைன்னா ஆளு வெளியில இருக்குன்னுதானே அர்த்தம். விதின்னா விதி."

"இருக்காது போர்கில்ட். நாலாவதையும் நான்தானே அடிச்சேன்."

எதிர்முனையில் கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"நீயா அடிச்ச?"

"இல்ல, நாங்க. அவங்கவங்க. அவங்கவங்க பேரை."

"ம்," என்றார் போர்கில்ட். "நோட்டை ஓஸ்முண்ட்கிட்ட குடுத்தனுப்பிட்டேன். அன்ஃபின் பொண்டாட்டி குன்வோர் கேட்டாளாம். புருஷன் கடைசியா போட்ட கோட்டைப் பாக்கணுமாம், பாவம். பாத்துக் கொண்டு போங்கப்பா. தாள் ஈரமா இருக்கு. அடுப்புப் பக்கத்துல ரெண்டு நாள் வெச்சும் காயல."

அவர் வைத்த பிறகும் ஹால்வர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

ஸ்கார்வ் தீவில் ஆளில்லை, கடையில்லை, கைப்பேசிக்குக் கோபுரமில்லை. ஒரு சிவப்புக் குடிசை, அதற்குள் ஒரு நோட்டு, நோட்டில் நூல் கட்டிய ஒரு பேனா. ஆட இறங்குமுன் பெயர் எழுத வேண்டும். ஆடி முடித்ததும் அவரவர் பெயரை அவரவர் கையால் கோடு போட்டு அடிக்க வேண்டும். மலைக் குடில்களில் காலம் காலமாக இருக்கிற வழக்கம்தான். குழந்தைக்குக்கூடக் கையைப் பிடித்து அடிக்கவைப்பார்கள்.

ஆகஸ்டில் அவர்கள் ஆடிய அன்று மழை வந்துகொண்டிருந்தது. நால்வரில் ஒருவனான அன்ஃபின் ஏழாம் குழியில் பாறை விளிம்புப் பக்கம் பந்தைத் தொலைத்துவிட்டு, "நீங்க போங்கடா, நான் அடுத்த படகுல வர்றேன்," என்று கத்தினான். அவன் தனிக் காரில் வந்திருந்தான்; படகில் மூன்று பேருக்குத்தான் இடம். மற்ற இருவரும் துறைக்கு இறங்கிவிட்டார்கள். ஹால்வர் குடிசையில் நின்று பேனாவை எடுத்தான். மூன்று அடித்து ஒன்று அடிக்காத அந்தப் பக்கம் அவனைப் பார்த்தது. பத்து நிமிடத்தில் வரத்தானே போகிறான். நான்காவதையும் அடித்தான்.

இரண்டாவது படகுக்காரர் வந்தார். துறையில் ஆளில்லை. நோட்டைப் பார்த்தார், திறந்த பெயர் இல்லை. வேறு யார் படகிலோ போய்விட்டான்போல என்று குடிசையைப் பூட்டிக்கொண்டு போனார். அதன்பின் மூன்று நாள் புயல். நான்காம் நாள் போனவர்கள் கண்டது, குடிசைச் சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைத்திருந்த கோல்ஃப் பை. கதவின் வெளிப்பக்கம், தோள் உயரத்தில், ஒரு கை முட்டியளவுக்குச் சிவப்புப் பெயிண்ட் உரிந்திருந்தது. அன்ஃபின் எங்கேயும் இல்லை.

"பேரை அடிச்சது யாரு?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"அவனேதான் அடிச்சான். நான் பாத்தேன்," என்றான் ஹால்வர்.

ஆக, கிளம்பத் தயாரான மனிதன் ஒரு பந்துக்கு ஆசைப்பட்டுத் திரும்பிப் போய் விழுந்து செத்தான் என்று ஆயிற்று. ஊர் அப்படியேதான் பேசியது. குன்வோரின் காதுபடவும்.

ஐந்து மணிக்கு, அன்று கூட ஆடிய சீவெர்ட்டும் ஓஸ்முண்ட்டும் வந்தார்கள். சீவெர்ட் பல் மருத்துவன், ஓஸ்முண்ட் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வெள்ளிக்கிழமை என்பதால் இறைச்சி வைத்து மடித்த டாக்கோ ரொட்டி. அந்த நாட்டில் அன்று வேறெதையாவது சமைத்தால் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்பார்கள். ஓஸ்முண்ட் பிளாஸ்டிக்கில் சுற்றிய நோட்டைக் கூடத்துப் பெஞ்சில் வைத்தான். வைத்த இடத்திலிருந்து கடற்பாசி வாடை எழுந்தது.

"நீ பிரிச்சியா?" என்றான் ஹால்வர்.

"நான் ஏன் பிரிக்கணும்? அது குன்வோரோடது. ஞாயித்துக்கிழமை வர்றா. நீதான் குடுக்கணும். நீதானே கடைசியா அவனைப் பாத்தவன்."

"பாத்தவனைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறான்," என்றான் சீவெர்ட். "என்னடா, இறைச்சியைக் கருக்கிட்டியா?"

சமையலறையில் உட்கார்ந்தார்கள். அன்ஃபின் நினைவாக ஒரு ஆட்டம் என்பது சீவெர்ட்டின் யோசனை. ஜூன் போகலாம், இரவு பன்னிரண்டுக்கும் வெயில் இருக்கும், ஏழாம் குழியில் ஆளுக்கொரு பந்தைக் கடலுக்குள் அடிக்கலாம் என்றான். கடலில் பிளாஸ்டிக் போடக்கூடாது என்றான் ஓஸ்முண்ட். அப்படியானால் நீ மீனை அடி என்றான் சீவெர்ட்.

"குன்வோரையும் கூப்பிடலாம்டா," என்றான் ஓஸ்முண்ட் திடீரென்று. "ஒரு பந்துக்காக என்னை விட்டுட்டுப் போனாருன்னு சொல்லிச் சொல்லி அழறா. அதைத்தான் தாங்கிக்க முடியலையாம்."

இப்போது சொல்லலாம். ஹால்வருக்கு அது நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறந்தான்.

"அந்த சாஸை இப்படித் தள்ளு," என்றான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் முதல்முறை கேட்டது. மரத்தில் ஏதோ மெத்தென்று மூன்று முறை இடித்தது. பிறகு, இடித்தவர் காத்திருப்பதுபோல ஒரு இடைவெளி. பிறகு மீண்டும் மூன்று. மற்ற இருவரும் ஜூலையில் ஜெர்மன்காரர்கள் கூட்டமாக வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடத்திலிருந்து குளிர் தரையோடு தவழ்ந்து வந்து அவன் கணுக்காலைத் தொட்டது. அதில் உப்பு இருந்தது, நனைந்த கம்பளியின் நாற்றம் இருந்தது, மழையில் மிதிபட்ட புல்லின் வாசனை இருந்தது. வெளியே முழங்கால் உயரப் பனி.

"பீர் எடுத்துட்டு வர்றேன்," என்று எழுந்தான்.

கூடத்தில் விளக்கு போடவில்லை. பிளாஸ்டிக் தானாகத் தளர்ந்து கிடந்தது. நோட்டு அந்தப் பக்கத்தில் திறந்திருந்தது, நெடுநாள் அந்தப் பக்கத்திலேயே பழகியதுபோல. சீவெர்ட், அடிக்கப்பட்டது. ஓஸ்முண்ட், அடிக்கப்பட்டது. ஹால்வர், அடிக்கப்பட்டது. நான்காவதாக, இடதுபக்கம் சாய்ந்த அந்தக் கையெழுத்தில், அன்ஃபின். மேலே ஒரு கீறல்கூட இல்லை. மை பளபளத்தது.

ஞாயிற்றுக்கிழமை குன்வோர் இந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பாள். அவர் பேரை அவர் அடிக்கவேயில்லையே என்பாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்ப்பாள்.

நூலில் பேனா தொங்கியது. மூன்று இடி. இடைவெளி. மூன்று இடி.

மூன்று அடித்து ஒன்று அடிக்காத பக்கம் அவனைப் பார்த்தது.

அடித்தான்.

பேனா முனை ஈரத்தாளில் மீன் தோலைக் கிழிப்பதுபோல இழுபட்டது. சத்தம் நின்றது. குளிரும் நின்றது. வீடு மறுபடி வீடாக இருந்தது. சமையலறையில் சீவெர்ட் சிரித்தான். ஹால்வர் மூச்சை விட்டான். எவ்வளவு சுலபம் என்று தோன்றியது, வெட்கமாகக்கூட இருந்தது.

பீர்ப்பெட்டி வாசல்படியில், பனிக்குள் இருந்தது. கதவைத் திறந்தான். படியில் பீர்ப்பெட்டி இல்லை. சுவரில் ஒழுங்காகச் சாய்த்து ஒரு கோல்ஃப் பை இருந்தது. மட்டைகளின் தலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட இரண்டடி வைத்தான். காலுக்கடியில் பனி இல்லை. புல்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அதிராமல், மெதுவாக, வீட்டில் உள்ளவர்களை எழுப்பக்கூடாது என்பதுபோல.

திரும்பினான். கைப்பிடி அசையவில்லை. சமையலறை ஜன்னலுக்கு ஓடினான். மஞ்சள் வெளிச்சம். மேசை. சீவெர்ட். ஓஸ்முண்ட்.

ஹால்வர் எழுந்துவந்த நாற்காலியில் ஒருவன்.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மழைச்சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. நாற்காலிக்கடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. சீவெர்ட் அவனுக்குத் தட்டை நகர்த்தினான், முப்பது வருடமாக நகர்த்துவதுபோல. மேசையில் நோட்டு, அதில் ஹால்வர் என்ற பெயரின் மேலிருந்த கோட்டைக் காணோம். உட்கார்ந்திருந்தவன் கையில் பேனா.

ஹால்வர் கண்ணாடியைத் தட்டினான். சத்தமே வரவில்லை. கத்தினான். வாயிலிருந்து மூடுபனிதான் வந்தது. உள்ளே பேசுவது மட்டும் தெளிவாகக் கேட்டது, காதோரம் பேசுவதுபோல.

"ஹால்வர் எங்கடா போனான், பீர் எடுக்கப் போனவன்?" என்றான் சீவெர்ட்.

நனைந்தவன் நோட்டின் மேல் குனிந்தான். ஒரு கோடு போட்டான். நீளமாக, நிதானமாக.

"கிளம்பிட்டான்," என்றான். "அவனேதான் பேரை அடிச்சான். நான் பாத்தேன்."

ஓஸ்முண்ட் எட்டிப் பார்த்தான். நான்கு பெயர், நான்கு கோடு. தலையாட்டினான்.

"சொல்லாமக்கூட போயிட்டான் பாரு," என்றான் சீவெர்ட். "சரி, நாமளும் கிளம்புவோம். பூட்டிடுங்கடா."

விளக்கு அணைந்தது. பூட்டில் சாவி திரும்பியது. மூன்று ஜோடி காலடிகள் இறங்கிப் போயின, மரப் படகுத்துறைமேல் நடப்பதுபோல. பிறகு ஒரு படகு எஞ்சின். அருகில். கொஞ்சம் தள்ளி. இன்னும் தள்ளி.

மழை வந்துகொண்டிருந்தது. ஹால்வர் கதவிடம் திரும்பினான். அவன் வீட்டுக் கதவு வெள்ளை. இது சிவப்பு. தோள் உயரத்தில் ஒரு இடத்தில் மட்டும் பெயிண்ட் உரிந்திருந்தது. கையை மடக்கினான். முட்டி அந்த இடத்தில் சரியாகப் பொருந்தியது.

மூன்று முறை தட்டினான். காத்திருந்தான்.

மூன்று முறை தட்டினான்.